நார்ஸ் தெய்வங்களின் புதிய காமிக்ஸ்: கருத்துச் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தோர், அவன் தந்தை ஓடின், சூழ்ச்சிக்காரன் லோகி போன்ற நார்ஸ் தெய்வங்களை, அதாவது வட ஐரோப்பாவின் பழைய தெய்வங்களை வைத்துப் புதிய சூப்பர்ஹீரோ காமிக்ஸ் தொடர் ஒன்று தொடங்கினால் போதும், முதல் இதழ் வெளியான அன்றே வாசகர்கள் இரண்டு அணியாகப் பிரிந்துவிடுகிறார்கள். ஒரு தரப்பு தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறது, மறு தரப்பு கிழித்துத் தோரணம் கட்டுகிறது. காரசாரமான வாதம் எனக்குப் பிடிக்கும். ஆர்வமாகப் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பதற்கு அதுவே அடையாளம். ஆனால் அந்த வாதத்தில் கையிலிருக்கும் இதழைப் பற்றிய பேச்சு எவ்வளவு என்று பார்த்தால் மனம் சோர்ந்துபோகிறது. திரைப்படத்தைப் பற்றிப் பேசுகிறார்கள், பழைய தொடர்களைப் பற்றிப் பேசுகிறார்கள், புராணத்தைப் பற்றியும் பதிப்பகத்தின் உள்நோக்கத்தைப் பற்றியும் பேசுகிறார்கள். பக்கத்தில் என்ன வரையப்பட்டிருக்கிறது, என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பதை மட்டும் விட்டுவிடுகிறார்கள். மற்ற தவறுகள் பெரும்பாலும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

"மூலத்தில் இப்படி இல்லையே!"

அதிகம் கேட்கும் குறை இதுதான். தோருக்குச் செந்தாடி உண்டே, காமிக்ஸில் பொன்னிற முடியும் மழித்த முகமுமாக ஏன் வருகிறான்? லோகி ஓடினின் வளர்ப்பு மகன் இல்லையே, அவனோடு இரத்தம் கலந்து உறவு பூண்டவன் அல்லவா? லாஃபி என்பது லோகியின் தாய்தானே, அவளை ஏன் அரக்கர்களின் அரசனாக ஆக்கினார்கள்? கேட்பவர்கள் சொல்லும் தகவல்கள் எல்லாம் சரியானவைதான். அவற்றை வைத்துக்கொண்டு "ஆகவே இந்தத் தொடர் தப்பு" என்று தீர்ப்பு எழுதுவதைத்தான் ஏற்க முடியவில்லை.

எந்த மூலம் என்று முதலில் கேட்க வேண்டும். நமக்குக் கிடைத்திருக்கும் நார்ஸ் கதைகளில் பெரும்பகுதி ஐஸ்லாந்தில் எழுதிவைக்கப்பட்டவை. ஐஸ்லாந்து எழுத்தாளர் ஸ்நோரி ஸ்டர்லுசன், இந்தத் தெய்வக் கதைகளைச் சொல்லும் உரைநடை நூலான 'எட்டா'வை எழுதியது 1220 வாக்கில். பழைய பாடல்களைக் காப்பாற்றித் தந்த கோடெக்ஸ் ரெஜியஸ் சுவடி 1270களைச் சேர்ந்தது. ஐஸ்லாந்து கிறிஸ்தவ மதத்தை ஏற்றதோ 1000ஆம் ஆண்டு வாக்கில். தோரை வெளிப்படையாக வணங்கிய காலம் முடிந்து இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகு, வேறு மதத்துக்கு மாறிவிட்ட ஒரு சமூகம் நினைவிலிருந்தும் பாட்டிலிருந்தும் திரட்டி எழுதியதைத்தான் மூலம் என்கிறோம். அந்த எழுத்துகளும் தங்களுக்குள் ஒத்துப்போவதில்லை.

தோர் மீன் பிடிக்கப் போன கதையை எடுத்துக்கொள்ளுங்கள். ஹிமிர் என்ற அரக்கனோடு படகேறிப் போய், எருதின் தலையைத் தூண்டிலில் மாட்டி, உலகையே சுற்றிக் கிடக்கும் பெரும்பாம்பைப் பிடித்துவிடுகிறான் தோர். ஸ்நோரி சொல்லும் கதையில், தோர் இழுக்கும் வேகத்தில் அவன் கால்கள் படகின் அடியைப் பொத்துக்கொண்டு கடலின் தரையில் ஊன்றுகின்றன. வெலவெலத்துப்போன ஹிமிர் தூண்டில் கயிற்றை அறுத்துவிடுகிறான். மூழ்கும் பாம்பின் மேல் தோர் தன் ஆயுதமான சுத்தியலை எறிகிறான். பாம்பின் தலை துண்டானதாகச் சிலர் சொல்கிறார்கள் என்று குறிப்பிட்டுவிட்டு, அது இன்னும் உயிரோடுதான் இருக்கிறது என்று கதையை முடிக்கிறார் ஸ்நோரி. அவருக்கு முன்பே பாடிய உல்ஃப் உக்கசன் என்ற கவிஞரோ தலையை வெட்டியே விட்டார். கோடெக்ஸ் ரெஜியஸில் உள்ள ஹிமிரின் பாடலில் கயிற்றை அறுக்கும் காட்சியே கிடையாது. சுவீடனில் அல்டுனா என்ற இடத்தில் 11ஆம் நூற்றாண்டுக் கல் ஒன்று நிற்கிறது. அதில் செதுக்கப்பட்ட படகில் தோரின் கால் அடிப்பலகையைத் துளைத்துக்கொண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, ஆனால் ஹிமிரைக் காணோம்.

பாம்பு செத்ததா பிழைத்ததா என்பதிலேயே பழையவர்களுக்கு உடன்பாடு இல்லாதபோது, தாடியின் நிறத்தை வைத்து ஒரு தொடரைத் தள்ளிவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இன்று தோர் என்றதும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது, தகுதி உள்ளவர் மட்டுமே அந்தச் சுத்தியலைத் தூக்க முடியும் என்ற விதி. 'எட்டா'விலோ பழைய பாடல்களிலோ அப்படி எதுவும் இல்லை. திரிம் என்ற அரக்கன் சுத்தியலைத் திருடிக்கொண்டுபோய் பூமிக்குள் எட்டுக் காதம் ஆழத்தில் ஒளித்துவைக்கவே செய்கிறான். தகுதி என்ற விதி 1962இல் ஸ்டான் லீ, லாரி லீபர், ஜாக் கர்பி மூவரும் தோரை அமெரிக்கக் காமிக்ஸ் பதிப்பகமான மார்வெலுக்குக் கொண்டுவந்த முதல் கதையில் வந்தது. அறுபது ஆண்டுக் கதைகளுக்கு அச்சாணியாக இருப்பது மூலத்தில் இல்லாத ஒரு விதிதான்.

புராணத்தோடு ஒப்பிடவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். மாற்றத்தால் கதைக்கு என்ன கிடைத்தது, என்ன போயிற்று என்று கேட்டால் அந்த ஒப்பீடு அருமையான விமர்சனமாகும். திருடுபோன அதே சுத்தியலை மீட்கத் தோர் மணப்பெண் வேடம் போட்டுக்கொண்டு அரக்கன் வீட்டு விருந்துக்குப் போகிறான். அங்கே ஓர் எருதையும் எட்டு சால்மன் மீன்களையும் தனியாகத் தின்று தீர்க்கிறான். மணமகன் திகைத்துப்போக, எட்டு இரவுகளாகப் பெண் ஏக்கத்தில் சாப்பிடவே இல்லை என்று பக்கத்திலிருக்கும் லோகி சமாளிக்கிறான். இவ்வளவு குறும்பு நிறைந்த தெய்வங்களை எடுத்துக்கொண்டு, எந்நேரமும் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு முழங்கும் தளபதிகளாக மட்டும் ஒரு தொடர் காட்டினால், அதைக் குறை சொல்ல வாசகருக்கு எல்லா உரிமையும் உண்டு.

திரைப்படத்தை அளவுகோலாக வைப்பவர்களும் இதே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். 2017இல் வந்த தோர் திரைப்படத்தில் சாவின் தெய்வமான ஹெலா ஓடினின் மகள். அதை மட்டும் பார்த்தவர்களுக்கு, அவள் தோரின் அக்கா இல்லை என்று காமிக்ஸ் சொன்னால் கோபம் வருகிறது. 'எட்டா'வில் ஹெல் என்ற பெயரில் வரும் அவள் லோகியின் மகள். திரைப்படமும் தன் வசதிக்குக் கதையை மாற்றிக்கொண்ட ஒன்றுதான். அதற்கு ஒரு காமிக்ஸ் கட்டுப்பட வேண்டும் என்று எதிர்பார்ப்பதில் நியாயம் இல்லை.

முதல் இதழிலேயே தீர்ப்பு

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது மாத இதழாக வரும் காமிக்ஸுக்குப் பொருந்தாது. ஓர் இதழில் கதைக்குக் கிடைப்பது இருபது பக்கம் சொச்சம்தான். நீளக் கதை சொல்ல வந்தவர் முதல் இதழில் விதையைத்தான் போட முடியும்.

1983இல் வால்டர் சைமன்சன் தோர் தொடரின் எழுத்து, ஓவியம் இரண்டையும் ஏற்றுக்கொண்டபோது, 337ஆம் இதழில் முகம் தெரியாத ஒருவன் விண்வெளியின் ஆழத்தில் ஒரு வாளை அடித்து உருவாக்கிக்கொண்டிருந்தான். பட்டறையின் ஓசையைப் பக்கம் முழுவதும் அதிரும்படி பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். யார் அவன், எதற்கு அந்த வாள்? பதில் இல்லை. அடுத்தடுத்த இதழ்களிலும் அந்தச் சம்மட்டி ஓசை இடையிடையே வந்துபோனது. அது நெருப்பு அரக்கன் சர்டூர் என்பதும், அவன் எதை எரிக்கக் கிளம்பியிருக்கிறான் என்பதும் முழுதாகத் தெரிய ஏறத்தாழ ஓராண்டு ஆனது. முதல் இதழோடு நிறுத்தியவருக்கு அது தொடர்பில்லாத ஒரு காட்சி. பொறுத்துப் படித்தவருக்கோ அந்த ஓசை மாதத்துக்கு மாதம் கனம் கூடிக்கொண்டே போனது.

இதைவிட நீளமான உதாரணமும் உண்டு. 2012இல் ஜேசன் ஏரன் எழுத, எசாட் ரிபிச் வரையத் தொடங்கிய தொடரில், கடவுள்கள் யாரும் வணக்கத்துக்குத் தகுதியானவர்கள் அல்ல என்று சொல்லிக் கொன்று குவிக்கும் கோர் என்பவன் வந்தான். 2014இல் தோரின் காதில் ஒருவர் ஏதோ கிசுகிசுக்க, சுத்தியலைத் தூக்கும் தகுதியே அவனுக்குப் போய்விட்டது. ஒரு வார்த்தையில் தகுதி போகுமா என்று வாசகர்கள் கொதித்தார்கள். கோர் சொன்னது சரிதான் என்பதே அந்தக் கிசுகிசுப்பு என 2017இல்தான் தெரிந்தது. தோர் உள்ளூர நம்பிவிட்ட ஒன்றை அது வெளியே இழுத்துப் போட்டிருந்தது.

அதற்காக மோசமான முதல் இதழை எல்லாம் சகித்துக்கொண்டு காசை இறைக்கச் சொல்லவில்லை. பிடிக்கவில்லை என்றால் நிறுத்திக்கொள்ளலாம். "முதல் இதழ் என்னை ஈர்க்கவில்லை, காரணம் இது" என்று சொல்வது நேர்மையான கருத்து. "இந்தத் தொடர் தோல்வி" என்பதைச் சொல்ல ஐந்தாறு இதழ்களாவது, அதாவது முதல் கதைப்பகுதி முடியும்வரை, காத்திருப்பதுதான் முறை.

"இவர் தோரே இல்லை"

சுத்தியலை வேறொருவர் ஏந்தும்போதெல்லாம் இந்தக் குரல் எழுகிறது. 2014இல் முகமூடி அணிந்த ஒரு பெண் தோராக வந்தபோது அது உச்சத்துக்குப் போனது. 1962ஆம் ஆண்டின் முதல் கதையிலேயே சுத்தியலில் பொறித்திருந்த வாசகத்தை யாரும் திரும்பிப் பார்த்ததாகத் தெரியவில்லை. தகுதி உள்ளவர் யார் இதை ஏந்தினாலும் தோரின் ஆற்றல் அவருக்கு வரும் என்பதுதான் அதன் பொருள். 1983இல் குதிரை முகம் கொண்ட வேற்றுக்கிரகவாசி பீட்டா ரே பில் அதைத் தூக்கினான். 1986இல் தோர் தவளையாகவே மாறினான். 2014இல் வந்த அந்த முகமூடிப் பெண், தோரின் பழைய காதலி ஜேன் ஃபோஸ்டர் என்று அத்தொடரின் எட்டாவது இதழில் தெரிந்தது. அவளுக்குப் புற்றுநோய். ஒவ்வொரு முறை தோராக மாறும்போதும், உடம்பில் ஏற்றிய புற்றுநோய் மருந்து முழுவதும் வெளியேறிவிடுகிறது. உலகைக் காப்பாற்றப் போகும் ஒவ்வொரு தடவையும் அவள் சாவை நோக்கி நகர்கிறாள். தகுதி என்ற சொல்லுக்கு இத்தொடரில் இவ்வளவு கனமான பொருள் கிடைத்தது அப்போதுதான் என்பது என் உறுதியான எண்ணம். ஏமாற்று வேலை என்று முதல் மாதமே விலகியவர்கள் இழந்தது அதைத்தான்.

யாரைப் பாராட்டுகிறோம், யாரைத் திட்டுகிறோம்?

கருத்துச் சொல்பவர்களில் பலர் கதாசிரியர் பெயரோடு நிறுத்திக்கொள்கிறார்கள். காமிக்ஸை உருவாக்குவது ஒரு குழு. பென்சிலில் வரைபவர், மையிடுபவர், வண்ணம் சேர்ப்பவர், எழுத்துகளை அமைப்பவர் என்று ஒவ்வொருவரின் கையும் பக்கத்தில் தெரியும். இது புரியாவிட்டால் பழி தவறான தலையில் விழும். 1960களின் தோர் இதழ்களில் சில இடங்களில் பின்னணி வெறிச்சென்று இருப்பதைப் பார்த்து கர்பி அவசரமாக வரைந்தார் என்று நினைக்கத் தோன்றும். பென்சில் பிரதிகளோடு ஒப்பிட்டவர்களுக்கு உண்மை தெரியும்: மையிட்ட வின்ஸ் கொலெட்டா, கர்பி வரைந்த உருவங்கள் சிலவற்றை அழித்துவிட்டிருந்தார். சைமன்சன் இதழ்களின் அந்தப் பட்டறை ஓசை இன்றும் நினைவில் நிற்கிறது என்றால் எழுத்தமைத்த ஜான் வொர்க்மனுக்கும் அதில் பங்கு உண்டு. ஜேன் ஃபோஸ்டர் கதைகளை ரஸல் டாட்டர்மன் வரைந்தார், மின்னலுக்கு நிறம் கொடுத்தவர் மேத் வில்சன். அந்த ஆண்டுகளின் வண்ணச் சேர்க்கைக்காக அவருக்கு 2017இல் காமிக்ஸ் துறையின் ஐஸ்னர் விருது கிடைத்தது.

கதையின் முடிச்சை முதல் நாளே அவிழ்த்துப் போடுவதும், பிடிக்காத கதைக்காகப் படைப்பாளியின் குடும்பம்வரை இழுத்துத் திட்டுவதும் தவறு என்பதற்கு விளக்கம் தேவையில்லை.

இன்னொன்றைப் பலர் யோசிப்பதே இல்லை. "செத்துப்போன மதம்தானே, எப்படி வேண்டுமானாலும் எழுதலாம்" என்று எழுதிவிடுகிறார்கள். ஐஸ்லாந்தில் பழைய தெய்வங்களை வணங்குவோர் 1972இல் ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள், அடுத்த ஆண்டே அரசு அதை மத அமைப்பாக ஏற்றது. தோரின் சுத்தியலை நம்பிக்கையோடு கழுத்தில் அணிபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அதே சின்னங்களை இனவெறிக் கும்பல்களும் பயன்படுத்துகின்றன என்பதால், சுத்தியலைக் கண்டதும் அணிந்தவரைச் சந்தேகிப்பவர்களும் உண்டு. இரண்டு அவசரமும் வேண்டாம்.

பாராட்டும்போதும் இந்தக் கவனம் வேண்டும். "அருமை", "பிரமாதம்" என்ற ஒற்றைச் சொல்லை வைத்து, வாங்கலாமா என்று யோசிக்கும் இன்னொரு வாசகரால் எதையும் முடிவுசெய்ய முடியாது. எந்தப் பக்கத்தில் நின்றுவிட்டீர்கள், எந்தக் கட்டத்தை இரண்டாம் முறை பார்த்தீர்கள், எந்த வசனம் அந்தத் தெய்வத்தின் வாயில் பொருந்தவில்லை என்று இரண்டு வரி எழுதினால் அவருக்குப் பயன்படும்.