பிளேட் மஞ்சளானால் போதுமா? ஐஜிஇ – மாஸ்ட் செல் ஆய்வுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாஸ்ட் செல் (ஒவ்வாமையின்போது தன் துகள்களில் உள்ள வேதிப்பொருட்களைக் கொட்டும் நோய் எதிர்ப்புச் செல்) சோதனையில் பிளேட் (சிறு குழிகள் கொண்ட தட்டு) மஞ்சளாக மாறியதும் ‘ஒவ்வாமை வினை நடந்தது’ என்று நோட்டில் எழுதிவிடுவதுதான் முதல் தவறு. மற்ற தவறுகளில் பாதி இதன் பின்னால்தான் ஒளிந்திருக்கும். பீட்டா-ஹெக்சோசமினிடேஸ் என்ற என்சைம் செல்லை விட்டு வெளியே வந்திருக்கிறது என்பதற்கு மேல் அந்த மஞ்சள் எதுவும் சொல்வதில்லை. ஐஜிஇ (ஒவ்வாமைக்குக் காரணமான ஆன்டிபாடி) வழியாக வந்ததா, வேறொரு ஏற்பி வழியாக வந்ததா, செல் செத்துக் கசிந்ததா என்பது நிறத்தில் தெரியாது. ஐஜிஇ ஆன்டிபாடி ஏற்பியில் ஒட்டியதா, அந்தச் செல்லுக்கு வினைபுரியும் திறன் இருக்கிறதா, வெளியே வந்தது துகள்களில் இருந்ததுதானா என்று மூன்று கேள்விகள் இருக்கின்றன. மூன்றுக்கும் தனித்தனியாகச் சான்று வேண்டும்.

எந்த உயிரினத்தின் ஐஜிஇ, எந்த உயிரினத்தின் செல்?

பெரும்பாலான ஆய்வகங்களில் கைக்குக் கிடைப்பது ஆர்பிஎல்-2எச்3 என்ற எலிச் செல் வரிசை. சுண்டெலி ஐஜிஇயும் எலி ஐஜிஇயும் இதன் ஏற்பியில் நன்றாக ஒட்டும், மனித ஐஜிஇ ஒட்டாது. நோயாளியின் சீரத்தை (ஆன்டிபாடிகள் உள்ள ரத்தத் தெளிநீரை) இந்தச் செல்லில் ஊற்றி, அலர்ஜனை (ஒவ்வாமை தரும் பொருளை)ச் சேர்த்து, ‘வினை இல்லை’ என்று முடிவு கட்டினால் அந்த முடிவுக்கு மதிப்பே கிடையாது. மனித சீரத்தைச் சோதிக்க மனித ஏற்பியை ஏற்றிய ஆர்பிஎல் வகைகளோ எல்ஏடி2 போன்ற மனித மாஸ்ட் செல் வரிசையோ வேண்டும். எதிர்த்திசையில் கதை வேறு: மனித ஏற்பியில் சுண்டெலி ஐஜிஇ ஒட்டிக்கொள்ளும்.

சீரத்தைச் சூடாக்குவது இன்னொரு பழக்கதோஷம். செல் வளர்ப்புக்கான சீரத்தை 56 டிகிரியில் 30 நிமிடம் வைத்துக் காம்ப்ளிமென்ட் என்ற ரத்தப் புரதங்களை முடக்குவது எல்லோருக்கும் கைவந்த வேலை. அதே கையோடு நோயாளியின் சீரத்தையும் சூடாக்கினால், ஐஜிஇ ஏற்பியில் ஒட்டும் திறனை இழக்கத் தொடங்கும். ஆன்டிபாடி குழாயில் இருக்கும், ஆன்டிபாடியை அளக்கும் எலைசா சோதனையில்கூடத் தெரியலாம், ஆனால் செல்லில் ஒட்டாது.

ஐஜிஇயை ஏற்றிய பிறகு செல்களைக் கழுவாமல் விடுவதும் அடிக்கடி நடக்கிறது. வழக்கமான முறையில், மில்லிலிட்டருக்கு 100 முதல் 500 நானோகிராம் ஐஜிஇ சேர்த்து இரவு முழுக்க வைப்பார்கள். மறுநாள் இரண்டு முறையாவது கழுவ வேண்டும். திரவத்தில் மிதக்கும் ஐஜிஇ, நாம் சேர்க்கும் ஆன்டிஜெனை (ஆன்டிபாடி பிடிக்கும் பொருளை) அது செல்லை அடையும் முன்பே பிடித்துக்கொள்ளும். நோயாளியின் சீரம் என்றால் அதிலுள்ள ஐஜிஜி என்ற இன்னொரு வகை ஆன்டிபாடியும் அதே வேலையைச் செய்யும். விற்பனைக்கு வரும் ஆன்டிபாடிக் கரைசல்கள் பலவற்றில் கெடாமல் இருக்க சோடியம் அசைடு சேர்த்திருப்பார்கள். அது செல்லின் ஆற்றல் உற்பத்தியையே முடக்கும் நஞ்சு. லேபிளைப் படித்து, இருந்தால் டயாலிசிஸ் செய்து நீக்கிய பிறகே செல்லுக்குக் கொடுக்க வேண்டும்.

கால்சியமும் ஆன்டிஜென் அளவும்

துகள் வெளியேற்றத்துக்குச் செல்லின் வெளியே கால்சியம் இருந்தே ஆக வேண்டும். கால்சியம் இல்லாத சாதாரண பிபிஎஸ் உப்புக் கரைசலில் சோதனையைச் செய்துவிட்டு, செல் கெட்டுவிட்டது என்று வரிசையையே தூக்கி எறிந்தவர்கள் உண்டு. டைரோட் கரைசல்தான் வழக்கம்: சோடியம் குளோரைடு 130, பொட்டாசியம் குளோரைடு 5, கால்சியம் குளோரைடு 1.4, மெக்னீசியம் குளோரைடு 1, குளுக்கோஸ் 5.6, ஹெப்பஸ் 10 மில்லிமோலார், கூடவே 0.1 சதவீதம் பிஎஸ்ஏ (மாட்டு ரத்தப் புரதம்), பிஎச் 7.4. இதை 37 டிகிரிக்குச் சூடேற்றி வைத்துக்கொண்டு தொடங்க வேண்டும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு ஊற்றினால் வினை தாமதமாகும், குழிக்குக் குழி மாறும்.

ஆன்டிஜெனை ஒரே ஒரு அளவில் சோதிப்பதைத்தான் மிகப் பெரிய தவறு என்று சொல்வேன். டிஎன்பி என்ற சிறு வேதிப்பொருளுக்கு எதிரான ஐஜிஇயை ஏற்றிய செல்லுக்கு டிஎன்பி-எச்எஸ்ஏ (பல டிஎன்பி ஒட்டிய மனித ரத்தப் புரதம்) கொடுக்கும்போது, அளவு கூடக்கூட வினையும் கூடிக்கொண்டே போகாது. ஒரு கட்டம் வரை ஏறி, பிறகு இறங்கும். வரைபடம் மணி வடிவில் வரும். இரண்டு ஐஜிஇ மூலக்கூறுகளை ஒரே ஆன்டிஜென் இழுத்துச் சேர்த்தால்தான் ஏற்பிகள் ஒன்றுகூடிச் சைகை எழும். ஆன்டிஜென் மிகுந்துவிட்டால் ஒவ்வொரு ஐஜிஇக்கும் தனித்தனி ஆன்டிஜென் கிடைத்துவிடும், சேர்க்கை குறையும். அதோடு எஸ்எச்ஐபி போன்ற தடுப்புப் புரதங்களும் உள்ளே பிரேக் போடும். ஒரு மருந்து வினையைக் குறைத்தது என்று நாம் மகிழும்போது, உண்மையில் மணியின் இறங்கு பக்கத்தில் நின்றுகொண்டிருக்கலாம். மில்லிலிட்டருக்கு 1, 3, 10, 30, 100, 300, 1000 நானோகிராம் என்று ஏழு அளவுகளாவது வைத்துப் பார்த்துவிட்டு, ஏறு பக்கத்தில் ஓர் அளவைத் தேர்ந்தெடுங்கள். டிஎன்பி எத்தனை ஒட்டியிருக்கிறது என்பது லாட்டுக்கு லாட் மாறும். எனவே புதுப் புட்டி வந்தால் வரைபடத்தையும் புதிதாகப் போட வேண்டும்.

இதே தத்துவம் ஒரு நல்ல கன்ட்ரோலையும் (ஒப்பீட்டுச் சோதனையையும்) தருகிறது. ஒற்றை டிஎன்பி மட்டும் உள்ள டிஎன்பி-லைசின் ஐஜிஇயில் ஒட்டும், ஆனால் இரண்டை இணைக்காது. அதை மிகுதியாகச் சேர்த்த பிறகும் வினை அப்படியே இருந்தால், அது ஐஜிஇ வழி வினை அல்ல. விலை குறைந்த, நேர்மையான இந்தச் சோதனையைப் பலர் விட்டுவிடுவது வருத்தமாக இருக்கிறது. அயனோமைசின் மட்டும் வைத்துத் திருப்திப்படுவது போதாது. அது ஏற்பியைத் தாண்டி நேராகக் கால்சியத்தை உள்ளே விடும். செல்லுக்குத் துகளை வெளியேற்றத் தெரியும் என்பதை மட்டுமே அது காட்டும்.

மேல் திரவம், பெல்லெட், கணக்கு

வெளியேற்ற சதவீதம் என்பது மேல் திரவத்தின் அளவீட்டை, மேல் திரவமும் பெல்லெட்டும் (அடியில் உள்ள செல்களும்) சேர்ந்த மொத்தத்தால் வகுத்து 100-ஆல் பெருக்குவது. சுலபம்தான், ஆனால் கன அளவில்தான் சறுக்குவார்கள். ஒரு குழியில் 200 மைக்ரோலிட்டர் என்று வைத்துக்கொள்வோம். மேல் திரவத்தில் 50 எடுத்து அளந்தால் 0.24. மீதியை முழுக்க நீக்கி, பெல்லெட்டை செல்லை உடைக்கும் சோப்பு வகைக் கரைசலான டிரைட்டானில் 200 மைக்ரோலிட்டர் ஊற்றி உடைத்து, அதில் 50 அளந்தால் 0.56. விடை 30 சதவீதம். அதே பெல்லெட்டை 100 மைக்ரோலிட்டரில் உடைத்தால் அடர்த்தி இரட்டிப்பாகி 1.12 வரும். கணக்கில் அதைத் திருத்தாவிட்டால் விடை 17.6. செல் செய்தது ஒன்றுதான், ஆனால் தாளில் பாதியளவுக்குக் குறைந்துவிட்டது. மீதி 150 மைக்ரோலிட்டரை நீக்காமல் அதன்மேலேயே டிரைட்டானை ஊற்றினால், வெளிவந்த என்சைம் இரண்டு முறை எண்ணப்படும்.

சப்ஸ்ட்ரேட்டாக (என்சைம் வெட்டும் பொருளாக)ப் பாரா-நைட்ரோஃபீனைல் அசிட்டைல் குளுக்கோசமினைடை பிஎச் 4.5 சிட்ரேட் கரைசலில் கொடுத்து, 37 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, பிஎச் 10-க்கு மேலான கிளைசின் கரைசலால் நிறுத்தி, 405 நானோமீட்டரில் அளக்கிறோம். நிறுத்தும் கரைசல் வெறும் சம்பிரதாயம் அல்ல. அந்தக் காரத்தில்தான் மஞ்சள் நிறமே முழுதாக வெளிப்படும். பெல்லெட் குழிகள் ரீடரின் எல்லையைத் தொட்டாலோ சப்ஸ்ட்ரேட் தீர்ந்தாலோ மொத்தம் குறைவாகத் தெரியும், சதவீதம் பொய்யாக ஏறும். அப்போது பெல்லெட்டை நீர்த்து மறுபடி அளக்க வேண்டும். வளர்ப்பு ஊடகத்தின் சீரத்திலும் இந்த என்சைம் உண்டு, ஊடகத்தின் ஃபீனால் ரெட் சாயமும் அளவீட்டைக் கெடுக்கும். சோதனைக் கரைசலில் இரண்டும் இருக்கக் கூடாது. ஆன்டிஜென் சேர்க்காத குழியிலேயே 10, 15 சதவீதம் வெளியேறினால் அந்தப் பிளேட்டை நம்பாதீர்கள். கழுவும்போது செல்கள் காயப்பட்டிருக்கும். பீட்டா-ஹெக்சோசமினிடேஸ் எல்லாச் செல்களின் லைசோசோமிலும் இருப்பது. எனவே எல்டிஎச் (சிதைந்த செல்லிலிருந்து கசியும் என்சைம்) அளவையும் பக்கத்திலேயே வைத்தால்தான் சாவையும் துகள் வெளியேற்றத்தையும் பிரிக்க முடியும்.

ஐஜிஇ இல்லாமலும் மாஸ்ட் செல் வெடிக்கும்

சில ஃபுளூரோகுயினலோன் ஆன்டிபயாட்டிக்குகள், மயக்க மருத்துவத்தில் தரும் சில தசைத் தளர்த்திகள், இகாடிபன்ட் ஆகியவை எம்ஆர்ஜிபிஆர்எக்ஸ்2 என்ற ஏற்பி வழியாக நேரடியாகவே மாஸ்ட் செல்லைத் தூண்டும். இது 2015-இல் தெளிவானது. சுண்டெலியில் இதற்கு இணை எம்ஆர்ஜிபிஆர்பி2. எலும்பு மஜ்ஜையிலிருந்து ஐஎல்-3 என்ற வளர்ச்சிப் புரதம் கொடுத்து நான்கு முதல் ஆறு வாரம் வளர்த்த சுண்டெலி மாஸ்ட் செல்களில் இந்த ஏற்பி மிகக் குறைவு. அதில் ஒரு மருந்தைச் சோதித்து ‘பாதுகாப்பானது’ என்று எழுதுவது ஆபத்து. வயிற்றறையிலிருந்து எடுத்த மாஸ்ட் செல்லோ எல்ஏடி2-வோ இதற்குப் பொருத்தம். அலர்ஜன் சாற்றில் எண்டோடாக்சின் என்ற பாக்டீரிய நஞ்சு கலந்திருந்தால் இன்னொரு குழப்பம் வரும்: துகள் வெளியேறாது, ஆனால் சில மணி நேரத்தில் ஐஎல்-6 என்ற அழற்சிப் புரதம் ஏறும். அதை அலர்ஜனின் வேலை என்று நினைத்துவிடுவோம்.

சுண்டெலியின் உடலில் செய்யும் ஆய்வில் ஐஜிஜி வழியை மறப்பதுதான் பொறி. ஆன்டிஜெனை அதிகமாகக் கொடுத்தால் ஐஜிஜியும் பிளேட்லெட் ஆக்டிவேட்டிங் ஃபேக்டர் என்ற வேதிப்பொருளும் சேர்ந்து, மாஸ்ட் செல் இல்லாமலேயே அனஃபிலாக்சிஸை (உடல் முழுதும் பரவும் கடும் ஒவ்வாமையை) வரவழைக்கும். கிட் ஜீன் மாறிய மாஸ்ட் செல்லற்ற சுண்டெலிகளுக்கு வேறு ரத்தச் செல் குறைகளும் உண்டு. அந்த ஒரே வகையை வைத்து முடிவெடுக்கக் கூடாது. தோலில் செய்யும் சோதனையில் நேரம் நமக்கு உதவும். ஐஜிஇ ரத்தத்தில் சுமார் இரண்டு நாளில் பாதியாகக் குறைந்தாலும், மாஸ்ட் செல்லில் வாரக்கணக்கில் அமர்ந்திருக்கும். 1921-இல் பிரவுஸ்னிட்ஸ் என்ற மருத்துவர் தன் தோலில், மீன் ஒவ்வாமை இருந்த சக மருத்துவர் கியூஸ்ட்னரின் சீரத்தைச் செலுத்தி, மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றைச் செலுத்தியபோது தடிப்பு எழுந்ததும் இதனால்தான். சுண்டெலியின் காதில் ஆன்டிபாடியைச் செலுத்தி 24 மணி நேரம் விட்டால் ஐஜிஇ நிற்கும். ஐஜிஜி1-க்கு இரண்டு, மூன்று மணி நேர இடைவெளிதான் ஏற்றது.

திசுவில் டொலுயிடின் ப்ளூ சாயம் போட்டு மாஸ்ட் செல்களை எண்ணுபவர்களுக்கு ஒரே ஒரு குறிப்பு: ஃபார்மலினில் பதப்படுத்திய குடல் திசுவில் சளிச்சவ்வு மாஸ்ட் செல்கள் சாயம் ஏற்காமல் காணாமல்போகும். கார்னாய் கரைசலில் பதப்படுத்தினால் தெரியும்.

நோயாளியின் மாதிரிகளில்

பேசோஃபில் (மாஸ்ட் செல்லைப் போலவே ஐஜிஇ ஏற்பி உள்ள ரத்த வெள்ளையணு) சோதனைக்கு ரத்தத்தை ஹெப்பாரின் குழாயில் எடுக்க வேண்டும். ரத்தம் உறையாமல் தடுக்கும் மற்றொரு பொருளான இடிடிஏ கால்சியத்தைக் கட்டிப்போடும். துகள் வெளியேறும்போது செல்லின் மேற்பரப்பில் தோன்றும் சிடி63 என்ற புரதம் ஏறவில்லை என்றால், ஐஜிஇ ஏற்பியைத் தூண்டும் பாசிட்டிவ் கன்ட்ரோலிலும் ஏறவில்லையா என்று பாருங்கள். அங்கும் இல்லையென்றால் அவர் ‘நெகட்டிவ்’ அல்ல, அவருடைய பேசோஃபில் இந்தச் சோதனைக்கே பதில் சொல்லாத வகை. ஐஜிஇயைப் பிடித்து முடக்கும் ஒமலிசுமாப் ஊசி போட்டவருக்கு மொத்த ஐஜிஇ ஏறித்தான் தெரியும். மருந்தோடு பிணைந்த ஐஜிஇ மெதுவாகவே வெளியேறும், அதையும் கருவி எண்ணிவிடும். மருந்து வேலை செய்யவில்லை என்று அதைப் படிக்கக் கூடாது.

மாஸ்ட் செல் துகள்களிலிருந்து ரத்தத்துக்கு வரும் டிரிப்டேஸ் என்ற என்சைமுக்கு வருவோம். வினை தொடங்கி ஒன்று, இரண்டு மணி நேரத்தில் உச்சம் தொடும், அதன் பிறகு வேகமாகக் குறையும். மறுநாள் காலையில் முதன்முறையாக ரத்தம் எடுப்பது வீண். ஆனால் முழுதும் தணிந்து 24 மணி நேரம் கழித்து எடுக்கும் இரண்டாவது மாதிரி கட்டாயம் வேண்டும், ஏனென்றால் ஒப்பிட வேண்டியது ஆய்வகத்தின் மில்லிலிட்டருக்கு 11.4 நானோகிராம் என்ற எல்லையோடு அல்ல, அந்த நபரின் சொந்த அடிப்படை அளவோடு. அடிப்படையை 1.2-ஆல் பெருக்கி 2-ஐக் கூட்டுங்கள். அடிப்படை 4 என்றால் எல்லை 6.8 நானோகிராம். வினையின்போது 8 இருந்தால் மாஸ்ட் செல்கள் வெடித்திருக்கின்றன, அறிக்கையில் ‘நார்மல்’ என்று அச்சாகியிருந்தாலும்.