புது டிசைன் பிக்கப் வாங்கும் முன் புகார்களை எடை போடுங்கள்

முழுசாக மாற்றி வடிவமைத்த பிக்கப்பை முதல் வருடத்திலேயே புக் செய்ய நினைத்தால், எத்தனை புகார் என்பதைவிட எந்தப் பாகத்தில் புகார் என்று பாருங்கள். கதவு ரப்பர் சத்தம், திரை உறைவது எல்லாம் எரிச்சல்தான், ஆனால் பெரும்பாலும் வாரண்டியிலோ சாஃப்ட்வேர் அப்டேட்டிலோ தீர்ந்துவிடும். எஞ்சின், கியர்பாக்ஸ், பிரேக் என்றால் கதையே வேறு.

டொயோட்டா டன்ட்ராவையே எடுத்துக்கொள்ளுங்கள். உழைப்புக்குப் பேர்போன கம்பெனி, ஆனாலும் 2022 மாடலில் வந்த புது ட்வின் டர்போ வி6 எஞ்சினுக்குள் தயாரிப்பின்போது தங்கிப்போன துகளுக்காக, 2024இல் அமெரிக்காவில் அதே கம்பெனியின் சொகுசு எஸ்யூவியான லெக்சஸ் எல்எக்ஸையும் சேர்த்து சுமார் 1,02,000 வண்டிகளை ரீகால் செய்ய, அதாவது கோளாறுக்காகத் திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று. அதனால் பெயரை மட்டும் நம்ப வேண்டாம்.

அமெரிக்காவில் வாங்குபவர்கள் அந்நாட்டு அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்.எச்.டி.எஸ்.ஏ.வின் தளத்தில் அந்த மாடலின் புகார்களைப் பொறுமையாகப் படியுங்கள். ஒரே கோளாறு, கிட்டத்தட்ட ஒரே தூரம் ஓடிய பிறகு, வேறுவேறு ஆட்களுக்கு வந்திருந்தால் அதை லேசாக எடுத்துக்கொள்ளவே கூடாது. அப்புறம் டீலரிடம் வின் எண்ணை (ஒவ்வொரு வண்டிக்கும் தனியாக இருக்கும், எழுத்தும் எண்ணும் கலந்த 17 இட அடையாள எண்) வாங்கி, அந்தக் குறிப்பிட்ட வண்டிக்கு ரீகால் வேலை பாக்கி இருக்கிறதா என்று கையெழுத்துப் போடும் முன்பே பார்த்துவிடுங்கள். கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் தயாரிப்பு மாதத்தையும் கவனியுங்கள், கோளாறைச் சரிசெய்த பிறகு செய்த வண்டியா என்பது அதில்தான் பிடிபடும்.