பழைய கனரக லாரியின் ஏர் பிரேக்: சோதித்தல், சரிசெய்தல், இறக்கத்தில் ஓட்டுதல்

டிரம் பிரேக்கும், கையால் திருகிச் சரிசெய்ய வேண்டிய ஸ்லாக் அட்ஜஸ்டரும் (பிரேக் ஷூவுக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்யும் நெம்புகோல்) கொண்ட பழைய கனரக லாரிகளில், பிரேக் இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதை டேஷ்போர்டில் உள்ள எந்த முள்ளும் காட்டுவதில்லை. காற்றழுத்த மீட்டர் டேங்கில் உள்ள காற்றை மட்டுமே அளக்கிறது. அந்தக் காற்று சக்கரத்தில் போய் என்ன வேலை செய்கிறது என்பது அதற்குத் தெரியாது. அழுத்தம் முழுதாக இருக்கும், சமதளத்தில் மிதித்தால் வண்டி ஒழுங்காக நிற்கும், ஆனாலும் அதே வண்டி நீண்ட இறக்கத்தின் பாதியில் பிரேக் பிடிக்காமல் போகக்கூடும். ஏன் அப்படி ஆகிறது என்பதைப் புரிந்துகொண்டால், பராமரிப்பில் எதை முதலில் பார்ப்பது, இறக்கத்தில் எப்படி இறங்குவது என்ற இரண்டும் தாமாகவே தெளிவாகிவிடும்.

பெடலை மிதிக்கும்போது டேங்கிலிருந்து வரும் காற்று சக்கரத்துக்கு அருகில் உள்ள பிரேக் சேம்பருக்குள் நுழைந்து, அதன் ரப்பர் டயாபிரத்தைத் தள்ளுகிறது. டயாபிரம் புஷ் ராடைத் தள்ள, புஷ் ராடு ஸ்லாக் அட்ஜஸ்டரைத் திருப்ப, அதோடு சேர்ந்து எஸ் வடிவக் கேம் சுழன்று இரண்டு பிரேக் ஷூக்களையும் விரித்து டிரம்மோடு அழுத்துகிறது. புஷ் ராடு எவ்வளவு தூரம் வெளியே வரலாம் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. பரவலாகப் பயன்படும் டைப் 30 சேம்பரின் சாதாரண வகையில் மொத்த நகர்வு 2.5 அங்குலம், அதில் 2 அங்குலத்துக்குள், அதாவது 51 மில்லிமீட்டருக்குள், பிரேக் முழுதாகப் பிடித்துவிட வேண்டும். ஷூவின் மேல் உள்ள உராய்வுப் பட்டையான லைனிங் தேயத் தேய ராடு கூடுதலாக நகர வேண்டியிருக்கும். எல்லையைத் தாண்டியபின் அதன் தள்ளுவிசை வேகமாகக் குறையும். சேம்பரின் கடைசியில் போய் முட்டிவிட்டால் காற்று எவ்வளவு இருந்தும் பயனில்லை.

இதோடு வெப்பமும் சேர்ந்துகொள்கிறது. சுமார் 420 மில்லிமீட்டர் விட்டமுள்ள வார்ப்பிரும்பு டிரம் 300 டிகிரி செல்சியஸ் சூடேறினால், அதன் விட்டம் ஏறத்தாழ 1.4 மில்லிமீட்டர் கூடுகிறது. ஒவ்வொரு ஷூவும் 0.7 மில்லிமீட்டர் கூடுதலாக நகர்ந்தால்தான் டிரம்மைத் தொடும் என்பது இதன் பொருள். கேட்பதற்குச் சிறிய அளவுதான். ஆனால் ஸ்லாக் அட்ஜஸ்டரின் நீளம் கேமின் செயல் ஆரத்தைப்போல் ஏறத்தாழ 11 மடங்கு என்பதால், அந்த 0.7 மில்லிமீட்டர் புஷ் ராடில் 7 அல்லது 8 மில்லிமீட்டராகப் பெருகிவிடுகிறது. குளிர்ந்த நிலையில் எல்லையைத் தொட்டுக்கொண்டிருந்த பிரேக்கில் இந்த 8 மில்லிமீட்டருக்கு இடமே இல்லை. இறக்கத்தில் பிரேக் 'திடீரென்று' போய்விட்டது என்று சொல்லப்படும் பல சம்பவங்களில், அது புறப்படும் முன்பே பெரும்பாலும் போயிருக்கிறது. ஆகவே பழைய லாரியின் பிரேக்கில் நாம் செய்யும் எல்லா வேலைக்கும் ஒரே நோக்கம்தான்: புஷ் ராடில் மிச்ச நகர்வைச் சேமித்து வைப்பதும், ஓட்டும்போது அதை வீணாக்காமல் இருப்பதும்.

காற்றைச் சோதித்தல்

கம்ப்ரசர் அழுத்தும் காற்று சூடாக இருக்கும். டேங்கில் அது குளிரும்போது ஈரம் தண்ணீராகப் படியும். அந்தத் தண்ணீர் டேங்கை உள்ளிருந்து துருப்பிடிக்க வைக்கிறது, வால்வுகளை அரிக்கிறது, உறைபனி விழும் இடங்களில் குழாயிலேயே உறைந்து காற்றை மறித்துவிடுகிறது. காற்றின் ஈரத்தை நீக்கும் ஏர் டிரையர் இல்லாத பழைய வண்டியில் நாள்தோறும் வேலை முடிந்ததும் எல்லா டேங்குகளின் அடி வால்வையும் திறந்து வடித்துவிடுவதே சரியான பழக்கம். திறப்பதற்கு முன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்துவிட வேண்டும். கம்ப்ரசருக்கு அடுத்துள்ள முதல் டேங்கில்தான் பெரும்பகுதித் தண்ணீர் தேங்கும் என்பதால் அதை ஒருநாளும் விடக்கூடாது. வடிந்து விழுவதை ஒரு தட்டில் பிடித்துப் பாருங்கள். தெளிந்த தண்ணீர் என்றால் கவலையில்லை. ஆயில் கலந்து பால்போலவோ, கறுத்த சேறுபோலவோ வந்தால் கம்ப்ரசரின் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கக்கூடும். அந்த ஆயில் டயாபிரங்களையும் வால்வுகளின் ரப்பரையும் கெடுக்குமுன் கம்ப்ரசரைப் பார்த்தாக வேண்டும்.

கசிவைச் சோதிக்க, சமதளத்தில் கட்டை வைத்து, அழுத்தம் முழு அளவுக்கு ஏறும்வரை எஞ்சினை ஓடவிட வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் 120 பிஎஸ்ஐ அளவில், அதாவது 8 பாருக்குச் சற்று மேல், கவர்னர் கம்ப்ரசரை நிறுத்தும். எஞ்சினை அணைத்து, பார்க்கிங் பிரேக்கை விடுவித்து, பெடலை நன்றாக மிதித்துப் பிடித்துக்கொள்ளுங்கள். முதலில் விழும் அழுத்தம் கணக்கில் சேராது. அதன்பின் ஒரு நிமிடத்தில் ஒற்றை வண்டியில் 3 பிஎஸ்ஐக்கு மேலும், டிரெய்லர் இணைத்த வண்டியில் 4 பிஎஸ்ஐக்கு மேலும் குறையக்கூடாது என்பது பரவலாகக் கடைப்பிடிக்கப்படும் அளவு. குறைந்தால் சீறும் ஒலி எங்கிருந்து வருகிறது என்று தேடிப்போய், சோப்பு நீரைத் தடவிக் குமிழி எழுகிறதா என்று பார்க்க வேண்டும். மிதித்திருக்கும்போது மட்டும் சேம்பரில் சீறினால் சந்தேகம் முதலில் டயாபிரத்தின் மேல் விழ வேண்டும். அதன்பின் இக்னிஷனைப் போட்டு, பெடலை மிதித்து மிதித்து அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே வந்தால் 60 பிஎஸ்ஐ அளவில் எச்சரிக்கை ஒலியோ விளக்கோ வர வேண்டும். பழைய வண்டிகளில் வயர் அறுந்து, பஸ்ஸர் வாயடைத்துக் கிடப்பது அடிக்கடி காணும் குறை. மேலும் குறைத்தால் 45 முதல் 20 பிஎஸ்ஐக்குள், பார்க்கிங் பிரேக்காகவும் வேலை செய்யும் ஸ்பிரிங் பிரேக் தானாக விழ வேண்டும்.

ஸ்பிரிங் பிரேக் ஏன் முக்கியம் என்பதற்கு ரயிலின் வரலாறு நல்ல விளக்கம். ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1869இல் கொண்டுவந்த முதல் ஏர் பிரேக்கில், குழாய் அறுந்தால் பிரேக்கும் போய்விடும். அதைத் திருத்தி, காற்று போனால் பிரேக் தானாகப் பிடிக்கும் அமைப்பை 1872இல் அவர் உருவாக்கினார். லாரியின் கால் பிரேக்கோ இன்றும் காற்று இருந்தால்தான் பிடிக்கும். காற்று போனால் பிடிப்பது பின்சக்கரச் சேம்பர்களில் அடைபட்டிருக்கும் வலிய ஸ்பிரிங்தான். அது இல்லாத மிகப் பழைய வண்டியை வைத்திருப்பவர்கள், அதைப் பொருத்தும் செலவை முதல் செலவாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பெயின்டும் கேபின் வேலையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நகர்வை அளந்து திருகுதல்

இந்த வேலைக்கு ஓர் அளவுகோல், சாக்கட்டி, ஸ்பேனர், உதவிக்கு ஒருவர் போதும். கட்டை வைத்து, ஸ்பிரிங் பிரேக்கைக் காற்றால் விடுவித்து, எஞ்சினை அணைத்துவிடுங்கள். டேங்கில் 90 முதல் 100 பிஎஸ்ஐ இருக்கட்டும். புஷ் ராடு சேம்பரை விட்டு வெளிவரும் இடத்தில் ராடின் மேல் ஒரு கோடு போட்டுவிட்டு, உதவியாளரைப் பெடலை முழுதாக மிதித்துப் பிடிக்கச் சொல்லுங்கள். கோடு சேம்பரிலிருந்து எவ்வளவு தூரம் வந்திருக்கிறதோ அதுதான் நகர்வு. ஒவ்வொரு சக்கரத்துக்கும் இதை அளந்து எழுதிவைக்க வேண்டும். எல்லைக்குள் இருந்தால் மட்டும் போதாது. ஓர் ஆக்சிலின் இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மிதிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். சேம்பரின் அளவும் ஸ்லாக் அட்ஜஸ்டரின் நீளமும் ஓர் ஆக்சிலில் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்பதையும் அப்போதே பாருங்கள். பல கைமாறி வந்த வண்டிகளில் அகப்பட்டதை மாட்டியிருப்பார்கள்.

திருகும்போது, அட்ஜஸ்டர் போல்ட்டைச் சுற்றியுள்ள பூட்டு வளையத்தை ஸ்பேனரால் உள்ளே அழுத்திக்கொண்டே போல்ட்டைத் திருப்ப வேண்டும். பிரேக் பிடிக்கும்போது கேம் எந்தப் பக்கம் சுழலுமோ அந்தப் பக்கமே இப்போதும் சுழல வேண்டும். எதிர்ப்பக்கம் சுழன்றால் இறுக்குவதற்குப் பதிலாகத் தளர்த்திக்கொண்டிருக்கிறீர்கள். லைனிங் டிரம்மைத் தொட்டதும் போல்ட் இறுகும். தொட்டுவிட்டதா என்ற ஐயம் இருந்தால் டிரம்மை ஒரு கம்பியால் தட்டிப் பாருங்கள்: மணிபோல் ஒலித்தால் இன்னும் இடைவெளி இருக்கிறது, ஒலி அடங்கிக் கேட்டால் லைனிங் ஒட்டிவிட்டது. அங்கிருந்து கால் சுற்று முதல் அரைச் சுற்று வரை பின்னால் திருப்பி விட்டுவிட வேண்டும். ஸ்பேனரை எடுத்ததும் பூட்டு வளையம் வெளியே துள்ளி வந்து போல்ட்டின் தலையைப் பிடித்துக்கொண்டதா என்று விரலால் தடவிப் பார்க்காமல் அடுத்த சக்கரத்துக்குப் போகாதீர்கள். சேறும் துருவும் அடைத்து அது உள்ளேயே நின்றுவிட்டால், ஓடும் அதிர்வில் போல்ட் தானாகச் சுழன்று, நீங்கள் செய்த வேலை வீணாகிவிடும்.

திருகியும் நகர்வு குறையாவிட்டால் மேலும் மேலும் திருகுவதில் பொருளில்லை. கேம் ஷாஃப்ட்டைக் கையால் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும்படி ஆடினால் அதைத் தாங்கும் உலோக வளையம் (bush) தேய்ந்துவிட்டது. புஷ் ராடின் முனையில் உள்ள பின்னும் அதன் துளையும் நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தாலும் நகர்வு அங்கேயே கரைந்துவிடும். தானியங்கி ஸ்லாக் அட்ஜஸ்டர் பின்னாளில் பொருத்தப்பட்டிருந்தால், அதைக் கையால் திரும்பத் திரும்பச் சரிசெய்வது தவறு. அது தன் வேலையைச் செய்யவில்லை என்றால் அதற்கான காரணத்தைக் கண்டுபிடித்துத்தான் தீர்க்க வேண்டும்.

கழற்றும்போது

டிரம்மைக் கழற்றினால் லைனிங்கின் தடிமனை ஷூவின் நடுவில் அளக்க வேண்டும். 6 மில்லிமீட்டரை நெருங்கிவிட்டால் மாற்றிவிடுவது நல்லது. ஹப் ஆயில் சீல் கசிந்து லைனிங் ஊறிப்போயிருந்தால், பெட்ரோலில் கழுவி மறுபடி மாட்டுவது வீண் வேலை. ஊறிய எண்ணெய் சூட்டில் மறுபடி வெளியே வரும். சீலை மாற்றி, அந்த ஆக்சிலின் இரண்டு பக்கமும் புது லைனிங் போட வேண்டும். டிரம்மின் அதிகபட்ச விட்டம் டிரம்மிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அதைத் தாண்டித் தேய்ந்ததைக் கடைந்து பயன்படுத்தக் கூடாது, ஏனெனில் மெலிந்த டிரம் விரைவில் சூடேறி விரைவில் விரியும். உட்பரப்பில் மயிரிழைபோன்ற வெப்பக் கோடுகள் இருப்பது வழக்கம்தான். விளிம்புவரை ஓடும் வெடிப்பு இருந்தால் அந்த டிரம்முக்கு வாழ்வு முடிந்தது.

உயிருக்கே ஆபத்தான இரண்டைத் தனியே சொல்ல வேண்டும். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. டிரம்மில் சேர்ந்திருக்கும் தூளைக் காற்றுக்குழாயால் ஊதினால் அது நுரையீரலுக்குள் போய்த் தங்கிவிடும். ஈரத்துணியால் துடைத்து எடுங்கள், உரிய முகக்கவசம் அணியுங்கள். இரண்டாவது, ஸ்பிரிங் பிரேக் சேம்பர். அதனுள் அழுந்தியிருக்கும் ஸ்பிரிங் விடுபட்டுப் பாய்ந்தால் ஆளைக் கொன்றுவிடும் வலிமை கொண்டது. அதற்குரிய இழுப்பு போல்ட்டை மாட்டி ஸ்பிரிங்கை முழுதாகக் கட்டிய பிறகே சேம்பரை வண்டியிலிருந்து கழற்ற வேண்டும். ஸ்பிரிங் இருக்கும் பகுதியின் கிளாம்பை யாரும், எந்த அவசரத்திலும் திறக்கக்கூடாது. பழுதானால் முழுச் சேம்பரையும் மாற்றிவிடுங்கள்.

இறக்கத்தில் ஓட்டுதல்

25 டன் எடையுள்ள லாரி, 100 மீட்டருக்கு 6 மீட்டர் இறங்கும் சரிவில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கும்போது, ஏறத்தாழ 120 கிலோவாட் ஆற்றலை ஓயாமல் எங்காவது கழித்தாக வேண்டும். வேகம் இரட்டித்தால் அதுவும் இரட்டிக்கும். எஞ்சினும், புகைவழியை அடைத்து எஞ்சினால் வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கும் வாங்கிக்கொண்டது போக மிஞ்சுவது எல்லாம் டிரம்களில் வெப்பமாக இறங்கும். எனவே இறக்கம் தொடங்குவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்து, அதே மேட்டில் ஏறுவதற்குத் தேவைப்படும் கியரையோ அதற்கும் கீழான கியரையோ போட்டுக்கொள்ள வேண்டும். பாதி வழியில் மாற்றிக்கொள்ளலாம் என்று விடுவது பழைய கியர் பெட்டியில் பெரும் ஆபத்து: வேகம் கூடிவிட்டால் கீழ் கியர் விழாது, எடுத்த கியரும் திரும்பக் கிடைக்காது, வண்டி நியூட்ரலில் உருளத் தொடங்கிவிடும். டீசலை மிச்சம் பிடிக்க வேண்டுமென்றே நியூட்ரலில் இறக்குவதைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியதில்லை.

சரியான கியரில் இறங்கும்போதும் பிரேக் தேவைப்படும். பாதுகாப்பான வேகம் 40 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், முள் 40ஐத் தொட்டதும் பிடிப்பது நன்றாக உணரும்படி மிதித்து 32க்குக் கொண்டுவந்து, காலை முழுதாக எடுத்துவிட வேண்டும். மறுபடி 40 வந்தால் மறுபடி அவ்வாறே. மெல்லத் தேய்த்துக்கொண்டே இறங்கினால், சரிசெய்தல் ஒன்றுபோல் இல்லாத பழைய வண்டியில் முதலில் தொடும் சில சக்கரங்களே எல்லாச் சுமையையும் தாங்கிக் கருகும். படபடவென்று மிதித்து மிதித்து விடுவதும் தவறு. கம்ப்ரசர் நிரப்புவதைவிட வேகமாகக் காற்று தீர்ந்துபோகும். பெடலை மிதித்த பின் காற்று சேம்பரை எட்டி பிரேக் பிடிக்கச் சுமார் அரை நொடி ஆகும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். 60 கிலோமீட்டர் வேகத்தில் அதற்குள் வண்டி 8 மீட்டர் ஓடிவிடும். கருகல் வாடையோ, சக்கரத்தில் புகையோ, அதே வேகத்துக்கு முன்பைவிட ஆழமாக மிதிக்க வேண்டிய நிலையோ தெரிந்தால், இடம் கிடைக்கும் முதல் வாய்ப்பிலேயே நிறுத்திவிடுங்கள்.

நிறுத்தியதும், டிரம்கள் கொதிக்கும்போது ஸ்பிரிங் பிரேக்கைப் போடாமல், சமதளத்தில் கட்டை வைத்து ஆறவிடுவது நல்லது. சூட்டில் இறுக்கிய டிரம் ஆறிச் சுருங்கும்போது ஷூவின் மேல் மேலும் இறுகும். கால் பிரேக்கை அழுத்தியபடி ஸ்பிரிங் பிரேக்கையும் போட்டால் இரண்டு விசையும் சேர்ந்து கேமையும் ஸ்லாக் அட்ஜஸ்டரையும் முறுக்கிவிடும். டிரம்கள் ஆறுவதற்குள் வண்டியை ஒருமுறை சுற்றிவந்து, தொடாமல், புறங்கையை ஒவ்வொரு டிரம்முக்கும் அருகில் கொண்டுபோய் வெப்பத்தை ஒப்பிடுங்கள். அகச்சிவப்பு வெப்பமானி இருந்தால் அளவைக் குறித்துக்கொள்ளலாம். மற்றவற்றைவிட மிகச் சூடாக இருக்கும் சக்கரத்தில் பிரேக் விடாமல் உரசுகிறது, அல்லது அது மற்ற சக்கரங்களின் வேலையையும் சேர்த்துச் செய்திருக்கிறது. குளிர்ந்திருக்கும் சக்கரம் இறக்கம் முழுவதும் எதுவும் செய்யவில்லை. அந்தச் சக்கரங்களின் புஷ் ராடு நகர்வை, அடுத்த சுமையை ஏற்றும் முன் அளந்து சரிசெய்துவிட வேண்டும்.