கரண்ட் போக முன்னம் சிம்ப்ராவை நிறுத்துவது

காலை 8.30 முதல் மாலை 5 வரை மின்தடை என்று பத்திரிகையில் அறிவித்தல் வந்தால், கஸ்தூரியார் வீதியில் உள்ள எங்கள் கந்தோருக்கு அன்று ஏழரைக்கே போய்விடுவேன். யூபிஎஸ் 20 நிமிஷம்தான் தாங்கும். அதை நம்பி, கந்தோர் மெயிலை நடத்தும் மென்பொருளான சிம்ப்ரா ஓடுகிற சேர்வரை விட்டுவைக்க ஏலாது.

வருகிற மெயில் தொலைந்துவிடுமோ என்று மனேஜர் ஒவ்வொரு முறையும் கேட்பார். தொலையாது. அனுப்புகிற சேர்வர் அதை வரிசையில் வைத்துத் திரும்பத் திரும்ப முயலும். அங்கே ஓடுவது போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் மென்பொருள் என்றால் வழமையாக 5 நாள் வரை.

சரி, ரூட்டாக, அதாவது மெஷினின் தலைமைக் கணக்கில், நின்று கட்டளை கொடுக்காதீர்கள். ‘சூ - சிம்ப்ரா’ என்று சிம்ப்ராவின் கணக்குக்கு மாறுங்கள். நடுவில் அந்தச் சின்னக் கோடு (-) இல்லாவிட்டால் சிம்ப்ராவின் கட்டளைகள் இருக்கும் இடமே மெஷினுக்குத் தெரியாது. அடுத்து, எந்தச் சேவை ஓடுகிறது என்று காட்டும் ‘இசட்எம்கொன்ட்ரோல் ஸ்டேட்டஸ்’. ஏற்கெனவே படுத்துக் கிடப்பது எது என்று இப்போதே குறித்து வையுங்கள், பிறகு பழி உங்கள் தலையில் விழாது.

‘இசட்எம்கொன்ட்ரோல் ஸ்டாப்’ கொடுத்ததும் சேவைகள் ஒவ்வொன்றாக நிற்கும். மெயில்பொக்ஸ் என்ற வரியில் வந்து அசையாமல் நிற்கும் பாருங்கள், அங்கேதான் பொறுமை வேண்டும். ஒருமுறை நான் அவசரப்பட்டு, அதன் தரவுத்தளமான மரியாடிபியை ‘கில் -9’ போட்டுக் கொன்றேன். அன்று மெயில்பொக்ஸ் எழும்ப இரவு ஒன்பது மணி. இப்போது தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு பார்த்திருப்பேன். கடைசியாக, கணக்குகளும் அமைப்புகளும் இருக்கும் எல்டேப் நிற்கும். அப்புறம், சிம்ப்ரா கணக்கில் இன்னும் ஓடுவதைக் காட்டும் ‘பிஎஸ் -யு சிம்ப்ரா’ அடித்து, மெயில்பொக்ஸை ஓட்டும் ஜாவாவோ மரியாடிபியோ மிஞ்சவில்லை என்று கண்டபிறகுதான் மெஷினை நிறுத்துவேன்.

‘ரீஸ்டார்ட்’ என்று ஒரே கட்டளையும் உண்டு. நான் பாவிப்பதில்லை, இடையில் எது மிஞ்சியது என்று பார்க்க அது விடாது.

கரண்ட் வந்து மெஷினைப் போட்டதும் சிம்ப்ரா தானாக எழும்பாவிட்டால் ‘ஸ்டார்ட்’. முதலில் எழும்புவது எல்டேப். எந்தெந்தச் சேவையைத் தொடங்குவது என்ற பட்டியலே அதற்குள்தான் இருக்கிறது, ஆகவே அது விழுந்தால் மற்றதும் விழும். எல்டேப் எழும்பாவிட்டால், ஹோஸ்ட்ஸ் கோப்பில் சேர்வரின் பெயருக்கு நேரே சரியான ஐபி முகவரி இருக்கிறதா, சேர்வரின் பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியாகிவிட்டதா என்று பாருங்கள்.

எல்லாம் ஓடுகிறது என்று ஸ்டேட்டஸ் சொன்னாலும், என் ஃபோனில் இருந்து கந்தோர் முகவரிக்கு ஒரு மெயில் போட்டு, அது வந்தபிறகுதான் மனேஜருக்குக் கோல் எடுப்பேன்.