கோத்தகிரி வண்டியைக் கீழே இறக்கும் முன்

என்னுடையது 1997 மாடல் மாருதி 800, கார்புரேட்டர் வண்டி. தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்தவன் என்பதால் ஸ்பேனர் பிடிக்கத் தெரியும். ஆனால் இங்கே சொல்லும் வேலைகளுக்கு அவ்வளவு அனுபவம் தேவையில்லை, பொறுமை இருந்தால் போதும்.

மலையிலேயே ஓடும் பழைய வண்டியின் பாதிக் கோளாறுகளை இந்தக் குளிர் மூடி வைத்திருக்கும். கோத்தகிரி, குன்னூர், ஊட்டி என்று சுற்றும்வரை ஒன்றும் தெரியாது. மே மாதத்தில் மேட்டுப்பாளையம், அவினாசி, தாராபுரம் வழியாக ராமேஸ்வரம் கிளம்பினால் எல்லாம் வெளியே வரும். அதனால் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே ஆரம்பித்துவிடுங்கள்.

முதலில் பிரேக். எங்கள் பக்கம் சமதளம் கிடைப்பதே கஷ்டம், அதற்காக வாசல் சரிவில் ஜாக்கி போடாதீர்கள். கோயில் மைதானமோ பள்ளிக்கூட மைதானமோ, எங்கே சமமாக இருக்கிறதோ அங்கே கொண்டுபோங்கள். முன்சக்கரங்களுக்கு இரு பக்கமும் கல் முட்டு கொடுத்து, சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைச் சற்றுத் தளர்த்தி, அப்புறம் தூக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை நீட்ட வேண்டாம்.

பின்பக்கம் டிரம் பிரேக். ஹேண்ட் பிரேக்கை விட்டால்தான் டிரம் கழன்று வரும். உள்ளே இருக்கும் தூசியை வாயால் ஊதாதீர்கள், ஈரத் துணியால் துடையுங்கள். பிரேக் ஷூவில் ஒட்டியிருக்கும் லைனிங் 2 மி.மீ.க்குக் கீழே தேய்ந்திருந்தால் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள், ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிரேக் அடிக்கும்போது வண்டி ஒருபுறம் இழுக்கும். லைனிங் ஈரமாக இருந்தால் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர் கசிகிறது, ஷூவோடு அதையும் பாருங்கள். முன்பக்க பேடுகளையும் இதே கண்ணோடு பார்த்துவிடுங்கள்.

அடுத்தது பிரேக் ஆயில். இது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், நம் ஊர் மூடுபனிக்குக் கேட்கவே வேண்டாம். டாட் 3 என்ற தர ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் அந்த அளவு 140 வரை இறங்கலாம். மேட்டுப்பாளையம் இறங்கும் வழியில் உள்ள குஞ்சப்பனை வளைவுகளில் பிரேக்கை அழுத்திக்கொண்டே இறங்கினால் அந்தச் சூடு வந்துவிடும். ஆயில் கொதித்துக் குமிழி விட்டால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். அதனால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது என் வழக்கம். சக்கரத்தின் உள்பக்கம் பழைய ஆயிலை வெளியேற்ற இருக்கும் நிப்பிளில் ஒரு டியூபை மாட்டி, அதன் மறுமுனையை ஆயில் உள்ள பாட்டிலில் முக்கி வையுங்கள். உள்ளே ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க வேண்டும். நிப்பிளைத் திறந்து, ஆயில் வந்ததும் மூடி, அதன் பிறகுதான் காலை எடுக்கச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் மிதிப்பது மனைவி. "அமுக்கிட்டேன், விடவா?" என்று கேட்காமல் காலை எடுக்க மாட்டார், அந்த ஒழுங்கு முக்கியம். பானெட்டுக்குள் இருக்கும் பிரேக் ஆயில் டப்பாவில் ஆயில் காலியாகிவிடாமல் ஊற்றிக்கொண்டே இருங்கள். கடைசியில் பெடல் கல் போல நின்றால்தான் வண்டியை நகர்த்தலாம்.

இனி குளிர் மறைத்து வைத்திருக்கும் விஷயம், ரேடியேட்டர் ஃபேன். கோத்தகிரியில் இது சுற்றுவதே அபூர்வம். வண்டியை நிறுத்தி, பானெட்டை மூடி, இன்ஜினை ஓடவிட்டு டெம்பரேச்சர் முள்ளைப் பாருங்கள். முள் நடுவைத் தாண்டி ஏறிக்கொண்டே போகிறது, ஃபேன் இன்னும் சுற்றவில்லை என்றால் உடனே இன்ஜினை அணையுங்கள். பிறகு ஃபேன் மோட்டாரின் பிளக்கைக் கழற்றி, பேட்டரியிலிருந்து நேராகக் கரண்ட் கொடுங்கள், கையைத் தள்ளி வைத்துக்கொண்டுதான். சுற்றினால் மோட்டார் நல்லது. ஃபியூஸ், ரிலே, ஸ்விட்ச் மூன்றில் ஒன்று போயிருக்கிறது. ஓடைத் தண்ணீரை ஊற்றி ஓட்டியவர்கள், இன்ஜின் நன்றாக ஆறியபின் அதை வடித்துவிட்டு கூலண்ட் ஊற்றுங்கள். ஓஸ்களை விரலால் அழுத்தி, கிளிப் பக்கத்தில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று தெரியாவிட்டால் மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள், அது வீட்டு வேலை இல்லை. வைப்பர், ஹாரன், லைட்டுகள், இன்ஷூரன்ஸ், புகைச் சான்று எல்லாம் ஒரு அரை மணி நேர வேலை.

டயரில் பட்டன் (தரையில் படும் கட்டை) தேய்வதை எல்லோரும் பார்ப்பார்கள், வயதைப் பார்ப்பதில்லை. பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரத்தில் செய்தது. ஸ்டெப்னியையும் பாருங்கள், பெரும்பாலும் அதுதான் கிழடு. மேலே வைத்த காற்று, கீழே காற்றழுத்தம் கூடுவதால் சுமார் 2 பவுண்டு குறைவாகக் காட்டும். வெயில் சூடு அதை மறுபடி ஏற்றிவிடும். அதனால் சமவெளியில் முதல் நாள் காலை, வண்டி ஓடும் முன் அளந்து சரிசெய்யுங்கள்.

கார்புரேட்டர்காரர்களுக்கு மட்டும் ஒன்று. மலைக்காற்று லேசானது என்பதால் பெட்ரோலும் காற்றும் கலக்கும் அளவைச் சரிசெய்யும் மிக்சர் ஸ்க்ரூவை இறுக்கி வைத்திருப்போம். கீழே அதே நிலையில் ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஓடும்போது, இன்ஜின் தடுமாறும். மேட்டுப்பாளையத்தில் நிறுத்தி, கால் சுற்றுத் திறந்து, ஐடில் சீரானதும் விட்டுவிடுங்கள். சின்ன ஸ்க்ரூடிரைவர் ஒன்று டேஷ்போர்டிலேயே இருக்கட்டும், திரும்பி வந்ததும் அந்தக் கால் சுற்றை மறுபடி மூட வேண்டும்.