புராஸ்டேட் வீக்கம்: மாத்திரை சாப்பிடுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வயதான ஆண்களுக்கு வரும், புற்றுநோயல்லாத புராஸ்டேட் சுரப்பி வீக்கத்துக்குப் பெரும்பாலும் இரண்டு வகை மருந்துகள் தரப்படுகின்றன. டாம்சுலோசின் போன்றவை சிறுநீர்ப்பையின் கழுத்திலும் சுரப்பியிலும் இறுகியிருக்கும் தசையைத் தளர்த்துவதால் சில நாட்களிலேயே நிவாரணம் தெரியும். ஃபினாஸ்டரைடும் டூட்டாஸ்டரைடும் சுரப்பியையே மெல்லச் சுருக்குபவை என்பதால் பலன் தெரிய ஆறு மாதம்கூட ஆகலாம். இது தெரியாமல், இரண்டு மாதத்தில் ஒன்றும் ஆகவில்லையே என்று பின்னதை நிறுத்துவதும், சிறுநீர் நன்றாகப் போகிறதே என்று முன்னதை நிறுத்திப் பழைய தொல்லைக்கே திரும்புவதும் அடிக்கடி நடக்கின்றன.

ஆனால் எனக்கு அதிகக் கவலை தருவது சளி மாத்திரைதான். மூக்கடைப்புக்கென்று மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் பல மாத்திரைகளில் ஃபினைலெஃப்ரினும் குளோர்பெனிரமினும் சேர்ந்தே இருக்கின்றன. முன்னது டாம்சுலோசின் தளர்த்திய அதே தசையை மீண்டும் இறுக்க, பின்னது சிறுநீர்ப்பை சுருங்கும் வலுவைக் குறைக்கிறது. இரவில் அதைப் போட்டுக்கொண்டு படுத்தவர், விடியும்போது ஒரு சொட்டும் போகாமல், அடிவயிறு புடைத்து வலியில் துடித்தபடி, குழாய் வைத்துச் சிறுநீரை எடுக்க மருத்துவமனைக்கு ஓட நேரலாம். ஆகவே கடைக்காரரிடம் புராஸ்டேட் தொல்லை இருப்பதைக் கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

டாம்சுலோசினை வெறும் வயிற்றில் போட்டால் மருந்து கூடுதலாக உடலில் சேர்ந்து தலைசுற்றலும் கூடும் என்பதால், தினமும் ஒரே வேளை உணவுக்குப் பின் சாப்பிட வேண்டும். நள்ளிரவில் சட்டென்று எழுந்து கழிப்பறைக்கு நடக்காமல், கட்டில் விளிம்பில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுவது நல்லது.

ஃபினாஸ்டரைடு, டூட்டாஸ்டரைடு சாப்பிடுபவர்களின் பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் புற்றுநோயைச் சந்தேகிக்க உதவும் இரத்தப் பரிசோதனை) அளவு ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் ஏறக்குறைய பாதியாகிவிடும். அறிக்கையில் 3 என்று இருந்தால் அதை 6 என்றே மருத்துவர் கணக்கில் கொள்வார். மருந்தைச் சொல்லாவிட்டால், வழக்கமான வரம்பான 4-க்குள் இருக்கிறதென்று எல்லோரும் நிம்மதியாக இருக்க, புற்றுநோய் கவனிக்கப்படாமல் போகலாம். அளவு குறைந்தபின் மீண்டும் ஏறத் தொடங்குவதும் ஆராயப்பட வேண்டியதே.

கண்புரை அறுவை சிகிச்சைக்குச் செல்பவர்கள், டாம்சுலோசினை எப்போதோ நிறுத்தியிருந்தாலும் கண் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அது கருவிழிப்படலத்தைத் தொய்யச் செய்வதால் அவர் முன்கூட்டியே ஆயத்தமாக வேண்டியிருக்கும். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை எடுப்பவர்கள் புராஸ்டேட் தொல்லைக்கும் ஆண்மைக் குறைவுக்கும் தரப்படும் டடாலஃபிலைத் தொடவே கூடாது. டூட்டாஸ்டரைடு கேப்சூல் கசிந்திருந்தால் கர்ப்பிணிகள் அதைக் கையாளக் கூடாது. அதைச் சாப்பிட்டவர், நிறுத்தி ஆறு மாதம் ஆகும் வரை இரத்த தானமும் செய்யக் கூடாது.