கார் விலையை வருடத்தால் வகுத்துப் பாருங்கள்

கார் வாங்கலாம் என்று கிளம்பியபோது என் நோட்டில் இரண்டே எண்கள் இருந்தன. புதுசு இவ்வளவு, பழசு இவ்வளவு. பழசு குறைவு, அவ்வளவுதானே என்று நினைத்தேன். விட்டுப்போனது மூன்றாவது எண்: நான் கைவிடும் நாளில் அந்த வண்டி என்ன விலைக்குப் போகும்?

புதிய வண்டி 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டு வருடம் ஓட்டி 30-க்கு விற்றால் கரைந்தது 70, வருடத்துக்கு 8.75. அதே மாடலில் மூன்று வருடம் ஓடிய வண்டி 65-க்குக் கிடைத்தால், ஐந்து வருடம் ஓட்டி அதே 30-க்குத் தள்ளிவிடலாம். வருடத்துக்கு 7. ரிப்பேருக்குக் கொஞ்சம் ஒதுக்கினாலும் தாங்கும். அதே பழசுக்கு 80 கேட்டால்? வருடத்துக்கு 10, ரிப்பேர் தனி. அப்போது புதுசுதான் மலிவு! 2021-ல் சிப் தட்டுப்பாட்டால் புதிய வண்டிகள் வராமல் நின்றபோது, சில நாடுகளில் ஒரு வருடம் ஓடிய வண்டி புதுசின் விலையைத் தாண்டியே விற்றது. இன்னொன்று, விற்கும் விலையை எழுதும்போது இன்றைய உச்ச விலையை எழுதாதீர்கள். நீங்கள் விற்கும் நாளில் சந்தை இறங்கியிருக்கலாம்.

கடன் வாங்குவதென்றால் வட்டியையும் இதில் சேர்க்க வேண்டும். பழைய வண்டிக்குப் பெரும்பாலும் வட்டி கூடுதல், தவணைக் காலம் குறைவு. மாதத் தவணையை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம்.

சரி, கணக்கில் பழசு ஜெயித்துவிட்டது. இனி வண்டியைப் பார்க்கப் போக வேண்டும். நான் முதலில் குனிவது டயரிடம். பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரத்தில் செய்தது. 2018 வண்டி, மீட்டர் 20,000 கிலோமீட்டர் என்கிறது, ஆனால் நான்கு டயரும் 2021-ல் செய்தவை என்றால், 20,000-க்குள் ஏன் நான்கையும் மாற்றினார்கள் என்று கேளுங்கள். பிரேக் பெடல் ரப்பரும் ஸ்டியரிங் தோலும் தேய்ந்து வழவழப்பாக இருந்தால் மீட்டரை நம்பவே வேண்டாம்.

அப்புறம் சீட் பெல்ட். முழுதாக, கடைசி அங்குலம் வரை இழுத்துப் பாருங்கள். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை எவ்வளவு கழுவினாலும் சுருளுக்குள் இருக்கும் பகுதியில் சேறு தங்கிவிடும். ஒரு வண்டியில் இழுத்தபோது பெல்ட் பாதி வரை பளிச்சென்று வந்தது; மீதி காப்பித் தூள் நிறம். விற்பவர் முகத்தைப் பார்க்காமலே வெளியே வந்துவிட்டேன்.

சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்னதாகப் போவது என் பழக்கம். போனதும் பானெட்டில் கை வைப்பேன். சூடாக இருந்தால் ஸ்டார்ட் பண்ணி வைத்திருக்கிறார்கள். ஆறிய இன்ஜினைக் கிளப்பினால்தான் வண்டவாளம் தெரியும். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. இன்ஜின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்கவில்லை என்றால் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) உள்ளே கசிகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். இதெல்லாம் சரியாக இருந்தாலும், நமக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் வண்டியைத் தூக்கி அடிப்பக்கம் பார்க்காமல் முன்பணம் தராதீர்கள். விற்பவர் காட்டும் மெக்கானிக் வேண்டாம். ஆவணங்களில் உள்ள சேஸிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) எண்ணும் வண்டியில் உள்ளதும் ஒன்றா என்று நீங்களே படித்துப் பாருங்கள். எழுத்தும் எண்ணும் கலந்து, பெரும்பாலும் மொத்தம் 17 இருக்கும்.

விலை ஏறிக் கிடக்கும் காலத்தில் யாரும் சொல்லாத மூன்றாவது வழி ஒன்று உண்டு. இருக்கும் வண்டியையே பழுதுபார்த்து ஓட்டுவது. சேஸிஸ் துருப்பிடித்திருந்தால் இது வேண்டாம். மற்றபடி, ரிப்பேர் செலவை அது தரும் கூடுதல் வருடங்களால் வகுங்கள். புதுசுக்கு வந்த 8.75-க்குக் கீழே வந்தால் யோசிக்காதீர்கள்.

ஒருநாள் 80 கேட்ட ஒரு வண்டியின் பானெட் சூடாக இருந்தது; அதை விட்டுவிட்டு வந்து, என் பழைய வண்டிக்குக் கிளட்ச் மாற்றினேன். இரண்டு வருடம் ஓடியது. அதற்குள் நோட்டில் 80 என்று இருந்த எண் 68-க்கு இறங்கியிருந்தது.